லூபஸ் மூளையைத் தொட்டபோது: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

23 வயதுப் பெண் ஒருவருக்கு ஏற்பட்ட மனக்குழப்பம், அதன் வேர் லூபஸ் நோயில் இருந்ததை உறுதிசெய்த விதம், அடுத்த ஓராண்டில் நடந்தவை ஆகியவற்றின் பதிவு இது. சிகிச்சைக் குழுவில் மனநலப் பிரிவின் சார்பில் நான் இருந்தேன். நோயாளியும் அவருடைய தாயாரும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

எஸ்எல்இ எனப்படும் லூபஸ் நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலின் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளைபேற்று வயதினர். மலேசியாவில் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கூடுதலாகக் காணப்படுவதால், இது நம் இனத்தாருக்கு வராத நோய் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றை லூபஸ் பாதிக்கும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. மூளையையும் மனத்தையும் தாக்கும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி (மூட்டு, எதிர்ப்பாற்றல் நோய் மருத்துவர்களின் அமைப்பு) 1999இல் வெளியிட்ட பட்டியலில் லூபஸால் வரும் நரம்பு, மனநலக் கோளாறுகள் 19 வகை. அவற்றில் 12 மூளையையும் தண்டுவடத்தையும் சேர்ந்தவை. வலிப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு கடும் மனக்குழப்பம், பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு, மனச்சிதைவை ஒத்த உளப்பிணி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன.

பின்னணி

நோயாளி பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியை முடித்தபின் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டையில் மின்னணுப் பொருள் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். பகல், இரவு என மாறி மாறி ஷிப்ட். தொழிற்சாலைப் பேருந்தில் பாலம் கடந்து போய்வருவார். தந்தை காலமாகிவிட்டார். தாயார் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். திருமணமான அக்காள் பக்கத்து ஊரான பிறையில் இருக்கிறார். வீட்டில் 15 வயதுத் தம்பி. குடும்பத்தில் யாருக்கும் மனநோய் வந்ததில்லை. நோயாளிக்கு மது, போதைப் பழக்கம் எதுவும் இல்லை.

அக்டோபரில் விரல் மூட்டுகளில் வலி தொடங்கியது. காலையில் எழுந்தால் கையை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலையில் சிறு இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலையோடு ஒப்பந்தமுள்ள கிளினிக்குகளுக்குப் போனபோதெல்லாம் வலி மாத்திரையும் ஒரு நாள், இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைத்தன. ஒவ்வொரு முறையும் பார்த்தவர் வேறொரு மருத்துவர். டிசம்பரில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாய்க்குள் புண் வந்து போனது. புண் வலிக்கவில்லை என்பதால் அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார். விரதமிருந்த உடல், உச்சி வெயில், நீண்ட வரிசை. மறுநாள் இரு கன்னங்களும் மூக்குத்தண்டும் சிவந்து தடித்திருந்தன. வெயிலில் நின்றதால் வந்தது என்று வீட்டில் எண்ணினார்கள். அது உண்மையும்கூட. வெயிலின் புறஊதாக் கதிர் லூபஸைக் கிளப்பிவிடும். ஒரு வாரம் கழித்துக் கால்கள் வீங்கின. அரசு சுகாதார கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்த மருத்துவ உதவியாளர் அதில் புரதம் மிகுதியாக இருப்பதைக் கண்டு அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். பல மாதமாகப் பலர் பார்த்தும் பிடிபடாத நோயை ஒரு சோதனைக் குச்சி காட்டிக்கொடுத்தது.

மருத்துவமனையில், லூபஸைக் கண்டறிய உதவும் ஏஎன்ஏ இரத்தச் சோதனை நேர்மறை. மரபணு இழைக்கு எதிரான ஆன்டிபாடி மிக அதிகம். லூபஸ் தீவிரமாகும்போது இரத்தத்தில் குறையும் சி3, சி4 காம்ப்ளிமென்ட் புரதங்களும் குறைவு. லூபஸ், சிறுநீரகப் பாதிப்புடன் என்று முடிவாயிற்று. பிப்ரவரி நடுப்பகுதியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 40 மில்லிகிராம், லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மில்லிகிராம் தொடங்கி, சிறுநீரகத் திசுச் சோதனைக்குத் தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தூக்கம் எப்படி, மனம் எப்படி, வேலையில் கவனம் நிற்கிறதா என்ற கேள்விகள் அந்தச் சேர்க்கைக் குறிப்பில் எங்கும் இல்லை.

மாத்திரை நின்ற ஆறு நாட்கள்

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அவர் தூங்காமல் விழித்திருக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். கலப்பது தம்பி என்பது அவருடைய சந்தேகம்.

தாயார் அவரை இரவில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தாயாரின் மலாய் சந்தைக்கும் பள்ளிக்கும் போதுமானது. மகளின் மனம் தடுமாறுவதை விவரிக்கப் போதவில்லை. ஆகவே தம்பி மொழிபெயர்த்தான். அக்காள் தூங்குவதில்லை, எதையோ பேசுகிறாள் என்று சொன்னான். உணவில் நஞ்சு கலப்பதாக அக்காள் சொல்வதையும், கலப்பவன் தான்தான் என்று அவள் நம்புவதையும் அவன் சொல்லவில்லை. 15 வயதுப் பையன் அதை எப்படிச் சொல்வான்? மருத்துவர் மாத்திரை உறையைப் பார்த்து, இது ஸ்டீராய்டு, இது சிலருக்கு மனத்தைக் குழப்பும், உங்கள் மருத்துவமனையில் போய்க் காட்டுங்கள் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். தம்பியின் வழியாகத் தாயாரை எட்டியது முதல் பாதி மட்டும்: மருந்துதான் காரணம்.

மருந்தின் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று தாயார் முடிவுகட்டினார். மறுநாள் முதல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த பெரியம்மா, அங்கே மந்திரிப்பவர் ஒருவரிடம் அழைத்துப் போய்த் தாயத்துக் கட்டி வந்தார். இப்படிப்பட்ட நிகழ்வுகளில் பழி முழுவதையும் மந்திரித்தவர் தலையில் போடுவது நமக்கு வழக்கம். இங்கே அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை. திருநீறு கொடுத்து, மருத்துவமனையையும் விடாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். மாத்திரை நின்றது கிளினிக்கில் சொன்ன ஒரு வாக்கியம் பாதி மட்டும் வீடு வந்து சேர்ந்ததால்.

வாரக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருந்து வெளியிலிருந்து வரும்போது, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும்; மருந்து நின்ற மறுநாளே அது பழையபடி சுரந்துவிடாது. இரத்த அழுத்தம் விழும், உடல் சோரும். அடங்கத் தொடங்கிய லூபஸும் மீண்டும் எழும். இரண்டும் இவருக்கு நடந்தன. ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் தாயாரையே அடையாளம் தெரியவில்லை. அன்று விடியற்காலையில் வலிப்பு வந்து, ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்.

சேர்க்கையின்போது கண்டவை

காய்ச்சல் 38.3 டிகிரி. இரத்த அழுத்தம் 92/58. முகத்தில் பட்டாம்பூச்சி வடிவச் சிவப்பு, கால் வீக்கம். விழிப்பு நிலை மணிக்கு மணி மாறியது. காலையில் தன் பெயரைச் சரியாகச் சொன்னவர், மதியம் தாதியைத் தன் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று எண்ணி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலாயில் முடித்தார். மேற்கூரையைப் பார்த்து யாருக்கோ பதில் சொன்னார். விழிப்பும் கவனமும் இப்படி ஏறி இறங்குவது முக்கியமான அடையாளம். சாதாரண மனச்சிதைவில் ஒருவர் இல்லாத குரலைக் கேட்பார். ஆனால் இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவும் போகிறது என்றால் உடலில் காரணம் தேட வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6, தட்டணுக்கள் 78,000, அல்புமின் என்ற புரதம் 24; மூன்றும் இயல்பைவிடக் குறைவு. சி3, சி4 பிப்ரவரியில் இருந்ததைவிடக் குறைவு. சர்க்கரை, சோடியம், தைராய்டு சரி. கருத்தரிப்புச் சோதனை எதிர்மறை. மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேனில் சில சிறு வெண்புள்ளிகள் மட்டும். அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. மூளையைத் தாக்கும் லூபஸில் ஸ்கேன் முழுக்க இயல்பாகவும் இருக்கலாம். அதனால் ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆகவே இது மனநோய்’ என்ற வாதம் நிற்காது. மூளை மின்னலைப் பதிவில் எங்கும் பரவிய மந்தம். முதுகுத் தண்டுநீரில் புரதம் சற்றே கூடுதல், கிருமி இல்லை, ஹெர்பிஸ் வைரஸ் சோதனை எதிர்மறை.

ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு தடங்கல். பெரியம்மா கட்டிய தாயத்து உலோகக் குழாய். எம்ஆர்ஐ அறைக்குள் போகக்கூடாது. அதைக் கழற்றினால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தாயார் அஞ்சினார். தமிழ் பேசும் மூத்த தாதி ஒருவர் அதைத் தாமே அவிழ்த்து, மருந்து போடும் சிறு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தாயாரின் கையில் கொடுத்தார். “அம்மா, இதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதவருகே உட்காருங்கள். வெளியே வந்ததும் நானே கட்டிவிடுகிறேன்” என்றார். சொன்னபடியே கட்டியும் விட்டார். அதற்குப் பிறகு தாயார் எதைக் கேட்க வேண்டுமானாலும் அந்த மிஸ்ஸியைத்தான் தேடினார். பின்னர் நாங்கள் கேட்கவேண்டியிருந்த கடினமான சம்மதத்துக்கு வழி திறந்தது அந்தச் சில நிமிடங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நோயா, மருந்தா?

குழுவின் முன்னிருந்த கேள்வி ஒன்று. இந்த மனக்குழப்பம் லூபஸால் வந்ததா, ஸ்டீராய்டால் வந்ததா? முந்தையது என்றால் ஸ்டீராய்டை ஏற்ற வேண்டும். பிந்தையது என்றால் இறக்க வேண்டும். தவறாக முடிவெடுத்தால் எந்தப் பக்கமும் இழப்பு பெரிது.

ஸ்டீராய்டைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1972இல் வெளியிட்ட கணக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது: பிரெட்னிசோலோனுக்கு இணையான பிரெட்னிசோன் நாளுக்கு 40 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 41 முதல் 80 வரை பெற்றவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கும், 80க்கு மேல் பெற்றவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறு ஏற்பட்டது. இவர் பெற்றது 40. கணக்குப்படி வாய்ப்பு குறைவு. ஆனால் இவருக்கு அல்புமின் குறைவு. இரத்தத்தில் ஸ்டீராய்டைப் பிணைத்து வைக்கும் புரதங்களில் அல்புமினும் ஒன்று. அது குறைந்தால் கட்டற்ற மருந்தின் அளவு கூடும். அல்புமின் குறைந்த லூபஸ் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு மனக்குழப்பம் எளிதில் வருவதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. எனவே கணக்கை மட்டும் நம்பி ஸ்டீராய்டை விடுவிக்க இயலவில்லை.

எதிர்ப்பக்கத்தில் மூன்று செய்திகள். மாத்திரை நின்ற பிறகு குழப்பம் குறையவில்லை, கூடியது. வலிப்பும் விழிப்பு மாறாட்டமும் சேர்ந்திருந்தன. சிறுநீரகம், இரத்த அணுக்கள், காம்ப்ளிமென்ட் எல்லாம் நோய் கொதித்துக்கொண்டிருப்பதைக் காட்டின. ஆயினும் இந்த மூன்றும் இன்றைய நிலையைச் சொல்பவை. தொடக்கம் எப்போது என்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் பிறையிலிருந்து வந்த அக்காள். தங்கையின் போக்கு எப்போது மாறியது என்று நான் தமிழில், நிதானமாக உட்கார்ந்து கேட்டேன். அவர் முதலில் “மாத்திரை தின்ற பிறகுதான்” என்றார். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அதுவே நினைவாகப் பதிந்திருந்தது. மாத்திரைக்கு முன் வேலையில் ஏதாவது சிக்கல் வந்ததா என்று கேட்டதும் சற்று யோசித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஜனவரி இரண்டாம் வாரத்தில் தங்கை அனுப்பிய குரல்பதிவு ஒன்று அங்கே இருந்தது. இரவு ஷிப்ட் இடைவேளையில் பேசியது; பின்னணியில் இயந்திர இரைச்சல். “அக்கா, லைனில் இருக்கிற எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள். நான் திரும்பினால் நிறுத்திவிடுகிறார்கள். சூப்பர்வைசர் கேமரா வழியாக என்னை மட்டும் பார்க்கிறார்.” களைப்பில் புலம்புகிறாள் என்று அக்காள் அன்று விட்டுவிட்டார். தப்பான லேபிள் ஒட்டியதற்காக டிசம்பர் இறுதியில் தொழிற்சாலை கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தையும் அவர் மறுநாள் கொண்டுவந்தார். மூன்று ஆண்டு வேலையில் அதற்கு முன் ஒரு புகாரும் இல்லை.

முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே மூளை பாதிக்கத் தொடங்கியிருந்தது. குழுவில் இருந்த தயக்கம் பெருமளவு அதோடு நீங்கியது.

எடுத்த முடிவுகள்

முதல் மணி நேரத்திலேயே ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றப்பட்டது. நின்றுபோன ஸ்டீராய்டை ஈடுசெய்ய அது தேவை. எந்தக் காரணம் உறுதியானாலும் அதைத் தள்ளிப்போட முடியாது. தண்டுநீர் முடிவு வரும்வரை பாக்டீரியாவுக்கும் ஹெர்பிஸுக்கும் எதிரான மருந்துகள் கொடுக்கப்பட்டன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தரும் முன் தொற்று இல்லை என்று உறுதிசெய்வது கட்டாயம்.

தொற்று விலக்கப்பட்டதும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் என்று முடிவாயிற்று. தாயார் எழுந்து நின்று கேட்டார்: “எந்த மருந்தால் என் பிள்ளைக்குப் புத்தி மாறியது என்றார்களோ, அதே மருந்தைப் பல மடங்கு ஏற்றப்போகிறீர்களா?” நியாயமான கேள்வி. குழுவில் நாங்களே அதைத்தான் விவாதித்திருந்தோம். ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் என்று விளக்கினால் அவருக்கு எட்டாது. அக்காளின் கைப்பேசியையும், பிப்ரவரியில் மாத்திரை எழுதிக்கொடுத்த சீட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தேதிகளையும் காட்டினோம். மகளின் குரலை அவர் இருமுறை கேட்டார். பின் கையெழுத்திட்டார்.

அடுத்த கட்டம் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்து. கடுமையான நரம்பு லூபஸில் 32 பேரிடம் நடந்து 2005இல் வெளியான மெக்சிகோ ஆய்வில், சைக்ளோபாஸ்பமைட் பெற்ற 19 பேரில் 18 பேருக்கும், மெத்தில்பிரெட்னிசோலோன் மட்டும் பெற்ற 13 பேரில் 7 பேருக்கும் பலன் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்தத் துறையில் வழிகாட்ட அதைப் போன்றவை அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை, ஆறு மாதம் என்று திட்டமிட்டோம். அந்த மருந்து கருப்பையைச் சார்ந்த சினைப்பைகளைப் பாதிக்கக்கூடியது. திருமணம் ஆகாத 23 வயதுப் பெண்ணின் பிள்ளைப்பேற்றைப் பற்றிய முடிவைத் தாயாரிடம் மட்டும் கேட்டு எடுக்கக்கூடாது என்று நான் வற்புறுத்தினேன். ஸ்டீராய்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருந்ததால், நோயாளிக்குத் தெளிவு வரும்வரை சில நாள் காத்திருக்க முடிந்தது. பத்தாம் நாள் அவரே கேள்வி கேட்டு, சினைப்பைகளை ஓய்வில் வைக்கும் ஊசியையும் சேர்த்துப் பெற ஒப்புக்கொண்டார்.

குரல்களுக்கும் தூக்கத்துக்கும் ஒலான்சபைன் இரவில் 5 மில்லிகிராம். வலிப்புக்கு லெவெட்டிரசெட்டம். அது எரிச்சலையும் கோபத்தையும் தரக்கூடும் என்பதால் தாதியர் அதைத் தனியாகக் கவனித்துக் குறித்தார்கள். வால்ப்ரோயேட்டைத் தவிர்த்ததற்குக் காரணம், அது கருவைப் பாதிக்கும் மருந்து. நோயாளியை மனநல வார்டுக்கு மாற்றாமல் பொது மருத்துவ வார்டிலேயே, அக்காளோ தாயாரோ இரவில் உடன் தங்க அனுமதித்து வைத்திருந்தோம்.

தொடர்ந்து நடந்தவை

ஐந்தாம் நாள் முழு இரவு தூங்கினார். ஒன்பதாம் நாள் தன் கைப்பேசியைக் கேட்டார். மூன்றாம் வாரத்தில் குரல்கள் நின்றன. தம்பி வார்டுக்கு வர மறுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் தனியே பேசி, அக்காள் சொன்னது நோயின் பேச்சு என்பதை விளக்கிய பிறகுதான் வந்தான். வந்தவனுக்கு அவர் தன் தட்டிலிருந்த பப்பாளித் துண்டைக் கொடுத்தார்.

மூன்றாம் வாரத்தின் இறுதியில் வேறொரு மாற்றம். பேச்சு வேகமானது, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குளித்தார், இணையத்தில் ஒரே நாளில் ஆறு சுடிதார் வாங்கினார். அப்போது பிரெட்னிசோலோன் 50 மில்லிகிராம். இம்முறை விழிப்பும் திசையறிவும் தெளிவாக இருந்தன, காம்ப்ளிமென்ட் ஏறிக்கொண்டிருந்தது, வலிப்பு இல்லை. இது மருந்தின் விளைவு என்று முடிவுசெய்தோம். சைக்ளோபாஸ்பமைட் தொடங்கிவிட்டதால் ஸ்டீராய்டைத் துணிந்து இரண்டு வாரத்தில் 30க்கு இறக்கினோம். வேகம் தணிந்தது. நோயால் வந்த குழப்பமும் மருந்தால் வந்த குழப்பமும் ஒரே ஆளுக்கு, ஒரே மாதத்தில் வரலாம். முதலில் எடுத்த முடிவைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாற்றத்தையும் அதே கண்ணால் பார்த்திருந்தால் இங்கே சறுக்கியிருப்போம்.

மூன்றாம் மாதத்தில் வந்த மனச்சோர்வுதான் குடும்பத்துக்கு மிகக் கடினமான காலம். முகம் வட்டமாக உப்பியிருந்தது. முடி மெலிந்திருந்தது. தொழிற்சாலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. குழப்பத்தில் தான் பேசியவை அரைகுறையாக நினைவுக்கு வந்து அவரை வெட்கத்தில் ஆழ்த்தின. கண்ணாடியைத் துணியால் மூடினார். ஒரு நாள் தாயாரிடம், “நான் இருப்பதைவிட இல்லாமல் போனால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்றார். அடுத்த சந்திப்பில், தற்கொலை எண்ணம் வருகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா என்று நேரடியாகக் கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. இருப்பில் உள்ள மாத்திரைகளை எல்லாம் சேர்த்து விழுங்கிவிடலாம் என்று எண்ணியதாக அவர் ஒப்புக்கொண்டார். அன்றே மாத்திரைகள் அக்காளின் பொறுப்புக்கு மாறின. ஒரு வாரத்துக்கு உரியது மட்டும் வீட்டில். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் தொடங்கப்பட்டது, வாரந்தோறும் ஆலோசனை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555ஐத் தாயார், அக்காள், நோயாளி மூவரின் கைப்பேசியிலும் பதிந்து கொடுத்தோம். மனச்சோர்வு லூபஸின் நேரடி விளைவா, இழப்புகளின் விளைவா என்று பிரித்துப் பார்க்க நாங்கள் நேரம் செலவிடவில்லை. இரத்தச் சோதனைகள் நோய் அடங்கியிருப்பதைக் காட்டின. சிகிச்சை எப்படியும் ஒன்றுதான்.

நினைவாற்றலைச் சோதித்தபோது ஒரு செய்தி கவனத்துக்கு வந்தது. முதலில் மலாயில் நடத்திய சோதனையில் அவர் தேறவில்லை. அதே வாரம் தமிழில் நடத்தியபோது மதிப்பெண் கணிசமாகக் கூடியது. குறைபாடு இருந்தது உண்மை. எவ்வளவு என்பதை முதல் சோதனை மிகைப்படுத்திவிட்டது.

பதினோராம் மாத நிலை

இப்போது பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம். சைக்ளோபாஸ்பமைட் ஆறு முறையும் முடிந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மைகோபீனோலேட் மாத்திரை தொடர்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காகக் கண் பரிசோதனை நடந்திருக்கிறது. ஒலான்சபைன் ஐந்தாம் மாதத்தில் நிறுத்தப்பட்டது, குரல்கள் திரும்பவில்லை. வலிப்பு மாத்திரையும் பிறகு மெல்ல நிறுத்தப்பட்டது. சிறுநீரில் புரதம் சிறிதளவே. பிறையில் உறவினரின் தையல் கடையில் பகல் வேலை. களைத்துவிட்டால் சொல் நினைவுக்கு வராமல் தடுமாறுகிறார். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் வெட்டுகிறார். குடையும் முழுக்கைச் சட்டையும் வழக்கமாகிவிட்டன.

வீட்டில் வரன் பேச்சு தொடங்கியிருக்கிறது. நோயைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்பது பெரியம்மாவின் கருத்து. சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது நோயாளியின் பிடிவாதம். மருத்துவப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மைகோபீனோலேட் கருவைப் பாதிக்கும். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்து, மருந்தை மாற்றிய பிறகே கருத்தரிக்கலாம். கணவரிடம் மறைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. தாயார் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இனி மாற வேண்டியவை

முதல் பிரெட்னிசோலோன் மாத்திரையோடு தமிழில் அச்சிட்ட ஒரு தாள் போக வேண்டும். தூக்கம் கெட்டாலோ, மனம் மாறினாலோ யாரை அழைப்பது என்ற தொலைபேசி எண்ணும், ‘நீங்களாக நிறுத்தாதீர்கள்’ என்ற வரியும் அதில் இருந்தால் இந்த ஆறு நாட்கள் நேர்ந்திருக்காது. அந்தத் தாளை இப்போது தயாரித்துக் கொடுத்துவருகிறோம்.

இளம் பெண்ணுக்கு முதன்முறையாக உளப்பிணி தோன்றினால் மூட்டுவலி, முடி உதிர்தல், வாய்ப்புண், வெயிலில் தடிப்பு, நுரைத்த சிறுநீர் ஆகியவற்றைக் கேட்பதும், இரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீர்ச் சோதனையும் செய்வதும் மனநலப் பிரிவின் முதல் நாள் வேலையாக வேண்டும். மறுபக்கம், லூபஸ் கிளினிக்கில் ஒவ்வொரு வருகையிலும் தூக்கம், கவனம், மனநிலை பற்றி மூன்று கேள்வி. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு நினைவை மட்டும் நம்பாமல் கைப்பேசிச் செய்தி, வேலையிடக் கடிதம், எம்.சி. சீட்டு எனத் தேதியிட்ட எதையாவது குடும்பத்தாரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது நிற்க வேண்டும். பினாங்கின் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்; இரவு நேரத்தில் அவர்களில் யாரை அழைப்பது என்பதுதான் பணியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. எங்கள் பிரிவில் பெயரும் எண்ணும் கொண்ட பட்டியலை மேசைத் தொலைபேசியின் அருகே ஒட்டியிருக்கிறோம். அவசரப் பிரிவிலும் மருத்துவ வார்டுகளிலும் அப்படியே செய்ய அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.